தனித்தனியே செய்த நிரல்கள் ஒன்று சேர்வது எப்படி?

உங்கள் மிதிவண்டியிலிருந்து ஒரு நட்டு கழன்று எங்கோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? கடைக்குப் போய் அதே அளவுள்ள நட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டிவிடுவீர்கள். போல்ட்டைச் செய்த தொழிற்சாலை ஒன்று. நட்டைச் செய்த தொழிற்சாலை வேறொன்று. அந்த இரண்டு தொழிற்சாலைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்தது கூடக் கிடையாது. ஆனாலும் நட்டு போல்ட்டில் அழகாக ஏறிக்கொள்கிறது. இது எப்படி முடிகிறது?

இந்த வசதி எப்போதுமே இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டி வந்தது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். மரையின் கோணம் 55 பாகை இருக்கட்டும். இன்ன தடிமன் உள்ள போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை இருக்கட்டும் என்று எல்லாருக்கும் பொதுவான வரையறை ஒன்றை அவர் முன்வைத்தார். அந்த வரையறையைப் பின்பற்றிய பட்டறைகளின் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

கணிப்பொறி நிரல்களின் உலகிலும் இதே சிக்கல் உண்டு. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதர்கள் எழுதிய நிரல் துண்டுகள் ஒரே கணிப்பொறியில் ஒன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவற்றின் ‘மரை’ பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பொருந்தச் செய்வது எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

தாய் நிரலும் செருகு நிரலும்

பெரிய நிரல் ஒன்றை எழுதுகிறவர்கள் எல்லா வேலைகளையும் தாங்களே எழுதி முடிப்பதில்லை. முக்கியமான வேலைகளை மட்டும் ஒரு தாய் நிரலில் வைப்பார்கள். மற்றவற்றைத் தனித்தனித் துண்டுகளாக, பிறகு வேண்டியபோது செருகிக்கொள்ளும்படி விட்டுவிடுவார்கள். இத்தகைய துண்டுக்குப் ‘பிளக்-இன்’ என்று பெயர். தமிழில் செருகு நிரல் எனலாம். சுவரில் உள்ள மின் துளையில் விளக்கையோ விசிறியையோ செருகிக்கொள்வது போலத்தான்.

விண்டோஸ் கணிப்பொறிகளில் ‘டி.எல்.எல்.’ என்று முடியும் கோப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’ என்பதன் சுருக்கம் அது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகும், தேவையான நேரத்தில் நினைவகத்திற்குள் ஏற்றி இணைத்துக்கொள்ளக்கூடிய துண்டு என்று பொருள்.

இதற்கு நல்ல உதாரணம் பைத்தான். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட கணிப்பொறி மொழி இது. இன்று பல பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகிறது. நாம் பரவலாகப் பயன்படுத்தும் பைத்தானின் தாய் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியோ, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பைத்தான் எழுதுவதற்கு எளிது. ஆனால் பெரிய கணக்குகளைப் போடுவதில் வேகம் குறைவு. சி எழுதுவதற்குச் சற்றுக் கடினம். ஆனால் மிக வேகமானது. ஆகவே வேகம் வேண்டிய வேலைகளை சி-யில் செருகு நிரலாக எழுதிப் பைத்தானோடு இணைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிப் பிறந்த செருகு நிரல்களில் புகழ் பெற்றது ‘நம்-பை’. லட்சக்கணக்கான எண்களை ஒரே அட்டவணையாக வைத்துக்கொண்டு மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் நிரல் இது. இதன் முதல் முழுப் பதிப்பு 2006-இல் வெளிவந்தது. 2019 ஏப்ரல் மாதம் உலகமே வியந்து பார்த்த கருந்துளையின் முதல் படம் நினைவிருக்கிறதா? தொலைநோக்கிகள் திரட்டிய விவரங்களிலிருந்து அந்தப் படத்தை உருவாக்கிய கணக்குகளிலும் நம்-பைக்குப் பங்கு உண்டு.

நம்-பையின் எண் அட்டவணையை நம்பி வேறு பல செருகு நிரல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று படங்களை ஆராயும்; இன்னொன்று வானியல் கணக்கைப் போடும்; மற்றொன்று வரைபடம் வரையும். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். எல்லாரும் ‘எண் அட்டவணை’ என்றால் ஒரே பொருளைத்தான் கருத வேண்டும். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

வரையறை என்னும் வரைபடம்

பொருள்களின் அமைப்பைச் சொல்லும் வரையறைக்கு நிரலாளர்கள் ‘கிளாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாடநூல்கள் அதை ‘இனக்குழு’ என்கின்றன. வீடு கட்டுவதற்கு முன் போடும் வரைபடம் போன்றது கிளாஸ். வரைபடம் ஒன்று, அதைக் கொண்டு கட்டும் வீடுகள் பல. அது போல, ஒரு கிளாஸைக் கொண்டு எத்தனை பொருள்களையும் உண்டாக்கலாம்.

எளிதாகப் புரிவதற்கு ஒரு பள்ளியின் நிரலைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ‘மாணவர்’ என்று ஒரு வரையறை. ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் மூன்று விவரங்கள்: வகுப்பு, சேர்க்கை எண், மொத்த மதிப்பெண். இந்தப் பள்ளியின் தாய் நிரலோடு இரண்டு செருகு நிரல்கள் சேர்கின்றன. ஒன்று நூலகக் கணக்கைப் பார்ப்பது. மற்றொன்று தேர்வுக் கணக்கைப் பார்ப்பது. இரண்டுக்கும் ‘மாணவர்’ என்பது பொது.

இனி, இந்த மாணவர் கணிப்பொறியின் நினைவகத்தில் எப்படிக் குடியிருக்கிறார் என்று பார்ப்போம். நினைவகம் என்பது நீண்டதொரு தெரு. அதில் வரிசையாகச் சிறு சிறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. ஓர் அறையில் ஒரு பைட் அளவு செய்தி அடங்கும்.

வகுப்பு சிறிய எண்தானே? அதற்கு 1 பைட் போதும். சேர்க்கை எண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் தலா 4 பைட்டுகள். மொத்தம் 9 பைட்டுகள் என்றுதானே கூட்டுகிறீர்கள்? இல்லை. பெரும்பாலான கணிப்பொறிகளில் இது 12 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும்! காரணம் என்ன? 4 பைட் எண்களை, 4-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால்தான் கணிப்பொறி ஒரே மூச்சில் எளிதாக எடுக்க முடியும். அதற்காக வகுப்புக்குப் பின் 3 அறைகள் சும்மா விடப்படுகின்றன. ஆக, அமைப்பு இப்படி:

0-ஆம் அறை: வகுப்பு
1 முதல் 3 வரை: வெற்றிடம்
4 முதல் 7 வரை: சேர்க்கை எண்
8 முதல் 11 வரை: மதிப்பெண்

பெயர்கள் மறைந்துவிடுகின்றன

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். சி மொழியில் நாம் எழுதுவதைக் கணிப்பொறி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. ‘கம்பைலர்’ என்ற மொழிமாற்றி நிரல் அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. அப்படி மாற்றும்போது ‘மதிப்பெண்’ என்ற சொல்லே காணாமல் போய்விடும்! ‘மாணவரின் மதிப்பெண்ணை எடு’ என்று நாம் எழுதியது, ‘இந்தப் பொருளின் தொடக்கத்திலிருந்து 8-ஆம் அறையில் உள்ள 4 பைட்டுகளை எடு’ என்று மாறிவிடுகிறது. 8 என்ற எண்தான் மிஞ்சுகிறது.

ஆகவே கம்பைலர் மாற்றி முடித்த ஒரு செருகு நிரலுக்குத் தான் எடுப்பது மதிப்பெண்ணா, வேறெதுவுமா என்று தெரியாது. 8-ஆம் அறையைத் திறக்கும். அங்கே இருப்பதை எடுத்துக்கொள்ளும். அவ்வளவே. வரைபடத்தைப் பார்த்து வீட்டைக் கட்டியாயிற்று. ஆனால் வரைபடம் வீட்டுக்குள் இல்லை.

இதனால் என்ன கேடு வந்துவிடும்? அதையும் பார்த்துவிடுவோம்.

உயரம் மதிப்பெண் ஆன கதை

ஒரு நாள் நம் பள்ளியின் தாய் நிரலை எழுதியவர், மாணவரின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று நினைக்கிறார். சேர்க்கை எண்ணுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவே உயரத்தை வைக்கிறார். புதிய அமைப்பு இது:

0-ஆம் அறை: வகுப்பு
1 முதல் 3 வரை: வெற்றிடம்
4 முதல் 7 வரை: சேர்க்கை எண்
8 முதல் 11 வரை: உயரம்
12 முதல் 15 வரை: மதிப்பெண்

தாய் நிரல் புதிய வரைபடத்தின்படி மறுபடி கம்பைல் செய்யப்பட்டது. ஆனால் தேர்வுச் செருகு நிரலை எழுதியவர் வேறொருவர். அவருக்குச் செய்தி போகவில்லை. அவருடைய நிரல் இன்னும் 8-ஆம் அறையைத்தான் மதிப்பெண் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

மாணவி ஒருத்தி 500-க்கு 471 வாங்கியிருக்கிறாள். அவள் உயரம் 152 செ.மீ. தேர்வு நிரல் 8-ஆம் அறையைத் திறக்கிறது. 152 என்ற எண் கிடைக்கிறது. ‘தோல்வி’ என்று அச்சடித்துவிடுகிறது! கணிப்பொறி பழுதாகவில்லை. கணக்கிலும் பிழையில்லை. மணி அடித்து எச்சரிக்கை செய்யவும் யாரும் இல்லை. 152 என்பதும் ஓர் எண். 471 என்பதும் ஓர் எண். பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. தேர்வு நிரல் தானே ஒரு புது மாணவரை உண்டாக்கினால், பழைய வழக்கப்படி 12 அறைகளைத்தான் ஒதுக்கும். தாய் நிரலோ அந்த மாணவருக்கு 16 அறைகள் இருப்பதாக நினைத்து, 12 முதல் 15 வரை மதிப்பெண்ணை எழுதிவிடும். அந்த நான்கு அறைகள் அடுத்த வீட்டுக்காரருடையவை! அங்கே இருந்த செய்தி அழிந்துபோகும். அதனால் வரும் கோளாறு, பல நிமிடங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் தலைகாட்டும். நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிழைகளில் இது முக்கியமானது.

செவ்வாயில் நடந்தது

‘இரு தரப்பும் சரி, இடையில் உள்ள எண்ணைப் படித்த விதம்தான் தவறு’ என்ற நிலை எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு விண்வெளி வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. அது பைட் அறைகளில் நடந்த தவறன்று; அலகில் நடந்தது. ஆனால் வேர் ஒன்றுதான்.

அமெரிக்காவின் நாசா, மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தை 1998 டிசம்பர் 11 அன்று செவ்வாய்க்கு அனுப்பியது. வழியில் அதன் சிறு ராக்கெட்டுகள் அவ்வப்போது எரிந்தன. ஒவ்வொரு முறையும் எவ்வளவு உந்தம் கிடைத்தது என்று பூமியில் ஒரு நிரல் கணக்கிட்டுத் தந்தது. பாதையைக் கணிக்கும் இன்னொரு நிரல் அதைப் படித்துக்கொண்டது. முதல் நிரல் எழுதியது பவுண்டு-விசை விநாடி என்ற அலகில். இரண்டாம் நிரல் எதிர்பார்த்தது நியூட்டன்-விநாடி என்ற அலகை. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு! எண் மட்டும் போய்ச் சேர்ந்தது; அதன் பொருள் போய்ச் சேரவில்லை.

விளைவு? செவ்வாயின் தரைக்கு மேல் ஏறத்தாழ 226 கி.மீ. உயரத்தில் சுற்றி வர வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கி.மீ. உயரத்திற்கு இறங்கிவிட்டது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்குப் பின்னால் மறைந்த அது, மீண்டும் சைகை அனுப்பவே இல்லை. எந்த அலகைப் பயன்படுத்த வேண்டும் என்று எழுத்து வடிவில் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் அதை ஓடும் நேரத்தில் சரிபார்க்க வழி எதுவும் வைக்கப்படவில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரே பெயர், இரண்டு கிளாஸ்

‘சரி, எல்லாருக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாதி தீர்ந்தது என்பதே விடை.

சி மொழியில் இதற்கென்றே ‘தலைப்புக் கோப்பு’ என்று ஒன்று உண்டு. வரையறையை அதில் எழுதி வைப்பார்கள். தாய் நிரலும் செருகு நிரல்களும் அதே கோப்பைச் சேர்த்துக்கொண்டு கம்பைல் ஆகும். அறைகளின் அமைப்பு எல்லாருக்கும் ஒன்றாகிவிடும்.

ஆனால் பைத்தான் போன்ற மொழிகளில் கிளாஸ் என்பது தாளில் இருக்கும் வரைபடம் மட்டுமில்லை. நிரல் ஓடும்போது கிளாஸும் நினைவகத்தில் ஓர் இடத்தில் பதிவேடாகக் குடியிருக்கும். அதன் பெயர், அதனால் செய்யக்கூடிய வேலைகள் எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு பொருளின் தலைப்பகுதியிலும், ‘என் கிளாஸின் பதிவேடு இந்த முகவரியில் இருக்கிறது’ என்று குறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது நூலகச் செருகு நிரலும் தேர்வுச் செருகு நிரலும் ‘மாணவர்’ வரையறையை ஆளுக்கொன்றாய் நகல் எடுத்துத் தத்தம் வயிற்றில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நினைவகத்தில் இரண்டு பதிவேடுகள் உண்டாகும். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆனால் முகவரி வேறு. நூலக நிரல் உண்டாக்கிய மாணவரைத் தேர்வு நிரலிடம் அனுப்பினால், அது முகவரியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘இவர் மாணவர் இல்லை’ என்று கைவிரித்துவிடும்! இரண்டு ஊர்களில் ஒரே பெயருள்ள இரண்டு தெருக்கள் இருக்கலாம். தபால்காரர் தெருப் பெயரை மட்டும் பார்த்தால் கடிதம் வீடு போய்ச் சேருமா?

இன்னொரு விபரீதமும் உண்டு. ‘அடுத்து வருபவருக்குக் கொடுக்க வேண்டிய சேர்க்கை எண்’ என்ற விவரத்தைக் கிளாஸின் பதிவேட்டிலேயே வைத்திருப்பதாகக் கொள்வோம். பதிவேடு இரண்டு என்றால் கணக்கும் இரண்டு. நூலக நிரல் ஒரு மாணவருக்கு 1048 என்ற எண்ணைக் கொடுக்கும். அதை அறியாத தேர்வு நிரல் இன்னொரு மாணவருக்கும் அதே 1048-ஐக் கொடுக்கும். இரண்டு தலைமை எழுத்தர்கள் இரண்டு சேர்க்கைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஒரே பள்ளியை நடத்துவது போல ஆகிவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஒரே மாதிரியான இரண்டு நகல்களை வைத்துக்கொள்வது பகிர்ந்துகொள்வது ஆகாது. பகிர்வதென்றால், மூலம் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாரும் அதையே சுட்டிக்காட்ட வேண்டும்.

மூலம் ஒன்று, முகவரி பலருக்கு

இதை எப்படிச் செய்கிறார்கள்? ‘மாணவர்’ கிளாஸுக்கு ஒரே ஓர் உரிமையாளரை நியமிக்கிறார்கள். அது தாய் நிரலாக இருக்கலாம். ஒரு செருகு நிரலாகவும் இருக்கலாம். அது முதலில் நினைவகத்தில் ஏறி, பதிவேட்டை ஒரு முறை மட்டும் உண்டாக்கும். பிறகு ஏறும் செருகு நிரல்கள் நகல் எடுக்காமல், உரிமையாளரிடம் சென்று பதிவேட்டின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பைத்தானில் இந்த முகவரியைக் கைமாற்றுவதற்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. அதற்குக் ‘கேப்ஸ்யூல்’ என்று பெயர். மருந்துக் கடையில் பார்க்கும் மாத்திரைக் குப்பியின் பெயர்தான். உரிமையாளர் நிரல் தன் முகவரிகளையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலின் முகவரியைக் கேப்ஸ்யூலுக்குள் அடைத்து, வெளியே ஒரு பெயர் எழுதி வைத்துவிடும். மற்ற சி நிரல்கள் பெயரைச் சரிபார்த்து, கேப்ஸ்யூலைத் திறந்து, முகவரியை எடுத்துக்கொள்ளும்.

நம்-பை இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. ‘எண் அட்டவணை’ என்ற கிளாஸின் மூலம் நம்-பையிடம் மட்டுமே இருக்கிறது. படத்தை ஆராயும் நிரலானாலும் வானியல் நிரலானாலும் நம்-பையின் கேப்ஸ்யூலைத் திறந்து அந்த ஒரே முகவரியைப் பெறுகின்றன. ஆகவே ஒரு நிரல் உண்டாக்கிய அட்டவணையை மற்றொரு நிரல் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது.

வாசலில் ஒரு கேள்வி

மூலம் ஒன்றாகிவிட்டது. ஆனால் உயரம் மதிப்பெண்ணான ஆபத்து? மூலம் மாறிய பிறகு பழைய செருகு நிரல் வந்து நின்றால்?

இங்கேதான் செவ்வாய் தந்த பாடம் உதவுகிறது. ஒப்பந்தத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஓடும் நேரத்தில் சரிபார்க்க வேண்டும். அதற்காக வரையறைக்கு ஒரு பதிப்பு எண் கொடுக்கிறார்கள். அறைகளின் அமைப்பு மாறும்போதெல்லாம் அந்த எண்ணும் மாறும். செருகு நிரல் கம்பைல் ஆகும் நேரத்தில் அப்போதைய பதிப்பு எண் அதற்குள் பதிந்துவிடும். பிற்பாடு அது நினைவகத்தில் ஏறியதும், ‘நீ எந்தப் பதிப்பைப் பார்த்துச் செய்யப்பட்டாய்?’ என்ற கேள்வி வாசலிலேயே எழும். எண்கள் பொருந்தினால் உள்ளே வரலாம். பொருந்தாவிட்டால், காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடும்.

‘நிறுத்திவிட்டால் வேலை கெடுமே!’ என்று தோன்றுகிறதா? கெட்டுத்தான் போகும். ஆனால் தவறான மதிப்பெண் பட்டியலை அச்சிட்டு விநியோகிப்பதைவிட, ‘பட்டியல் தயாரிக்க முடியவில்லை’ என்று முன்பே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2024 ஜூன் மாதம் நம்-பையின் 2.0 பதிப்பு வெளிவந்தது. 2006-க்குப் பின் அதன் முதல் பெரிய பதிப்பு அது. அட்டவணையில் உள்ள ஓர் உறுப்பின் அளவு எத்தனை பைட் என்பதைக் குறித்து வைக்க, அதுவரை 4 பைட் எண்ணே பயன்பட்டு வந்தது. அந்த வகை 4 பைட் எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2,14,74,83,647 தான். அந்த வரம்பு இனிப் போதாது என்று, அந்த இடத்தைப் பெரிதாக்கினார்கள். ஓர் அறை பெரிதானால் அதற்குப் பின்னுள்ளவை நகரும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும் அல்லவா?

ஆகவே பழைய பதிப்பைப் பார்த்துக் கம்பைல் செய்யப்பட்ட செருகு நிரல்கள், புதிய நம்-பையோடு சேர முடியாமல் வாசலிலேயே நின்றன. பழைய பதிப்புக்காகச் செய்த நிரல் இது, புதியதில் ஓடினால் முறிந்துபோகலாம் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. அந்த நிரல்களை எழுதியவர்கள் புதிய தலைப்புக் கோப்பை வைத்து அவற்றை மறுபடி கம்பைல் செய்து வெளியிட வேண்டியிருந்தது. ஆனால் நம்-பைக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். புதிய பதிப்பை வைத்துக் கம்பைல் செய்த நிரல், பழைய நம்-பை உள்ள கணிப்பொறியிலும் ஓடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனால் ஒரே செருகு நிரல் இரு தரப்பினருக்கும் உதவியது.

சமையலறைக்குள் நுழையாதீர்கள்

அந்த ஏற்பாடு எப்படி முடிந்தது? அதில்தான் இந்தக் கலையின் கடைசிப் பாடம் அடங்கியிருக்கிறது.

உணவு விடுதிக்குச் சென்றால் நாம் என்ன செய்கிறோம்? ‘இரண்டு இட்லி’ என்று பரிமாறுபவரிடம் சொல்கிறோம். சமையலறைக்குள் புகுந்து மூன்றாவது அலமாரியில் கையை விடுவதில்லை. அலமாரியை அவர்கள் இடம் மாற்றி வைத்தாலும் நமக்கு இட்லி வந்துவிடும்.

செருகு நிரல்களும் அப்படியே நடந்துகொள்ளலாம். 8-ஆம் அறையை நேரே திறப்பதற்குப் பதிலாக, ‘இந்த மாணவரின் மதிப்பெண் என்ன?’ என்று உரிமையாளரிடம் கேட்கலாம். எந்த அறையில் இருக்கிறது என்பது உரிமையாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். புது மாணவர் வேண்டுமானாலும், ‘ஒருவரை உண்டாக்கிக் கொடு’ என்று அவரிடமே கேட்கலாம். 12 அறையா, 16 அறையா என்பது அவர் கவலை. நம்-பை 2.0-வும் உறுப்பின் அளவை நேரே எடுக்கும் பழைய வழியை மூடிவிட்டு, கேட்டுப் பெறும் வழியைத் திறந்தது.

கேட்டுப் பெறுவதில் சிறிது நேரம் கூடுதலாகச் செலவாகும். வேகமே உயிர் என்ற இடங்களில் நிரலாளர்கள் நேரே அறையைத் திறக்கவே ஆசைப்படுவார்கள். வேகம் வேண்டுமா, பிற்காலத்தில் மாற்றும் சுதந்தரம் வேண்டுமா என்று ஒவ்வோர் இடத்திலும் எடை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பொறியியலில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை!

விட்வொர்த்தின் காலத்தில் நட்டு ஏறாவிட்டால் கையிலேயே தெரிந்துவிடும். நிரல்களிலோ பொருந்தாத மரையும் ஏறிவிடுகிறது. பிறகுதான் பாரம் விழும்போது கழன்றுகொள்கிறது. அதனால்தான் வரையறைக்கு ஒரே உரிமையாளர், வாசலில் பதிப்பு எண், கேட்டுப் பெறும் பழக்கம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை ஆகின்றன.

செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளும் ஒரு நண்பரும் போதும்.

1. தாளில் ஒரே வரிசையாக 32 கட்டங்கள் வரைந்து, 0 முதல் 31 வரை எண்ணிடுங்கள்.

2. இரண்டு மாணவர்களைப் பற்றிய விவரத்தைப் புதிய அமைப்பின்படி எழுதுங்கள். முதல் மாணவி: வகுப்பு 9, சேர்க்கை எண் 1047, உயரம் 152, மதிப்பெண் 471. இரண்டாவது மாணவர்: வகுப்பு 9, சேர்க்கை எண் 1048, உயரம் 160, மதிப்பெண் 438. ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம். மூன்றிலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து நான்கு இலக்கமாக்குங்கள். ஒவ்வொருவருக்கும் 16 கட்டங்கள் வரும்.

3. உங்கள் நண்பரிடம் பழைய அமைப்பை மட்டும் எழுதிக் கொடுங்கள். ஒருவருக்கு 12 கட்டங்கள் என்றும் சொல்லுங்கள். இரு மாணவர்களின் மதிப்பெண்ணையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதல் மாணவியின் மதிப்பெண் 152 என்பார். இரண்டாவது மாணவரின் விவரம் 12-ஆம் கட்டத்தில் தொடங்குவதாக எண்ணி, 20 முதல் 23 வரையுள்ள கட்டங்களைப் படிப்பார். 500-க்கு 1048 மதிப்பெண் என்று அறிவிப்பார்!

இனி நீங்களே யோசியுங்கள். உயரத்தை நடுவில் வைக்காமல் கடைசியில், அதாவது 12 முதல் 15 வரை வைத்திருந்தால் நண்பருக்கு முதல் மாணவியின் மதிப்பெண் சரியாகக் கிடைத்திருக்குமா? இரண்டாவது மாணவருடையது கிடைத்திருக்குமா? அதே தாளில் மாற்றி எழுதிப் பார்த்து விடையைக் கண்டுபிடியுங்கள்.